பூனைச் சத்தத்துக்கு ஒரு மானியம்

விண்ணப்பம் நான்காவது முறையாகத் திரும்பி வந்தபோது சின்னவள் சிரித்துவிட்டாள். மூன்றாவது முறை அழுது பார்த்தாகிவிட்டது. அதனால் ஒரு பிரயோஜனமும் இருக்கவில்லை.

உறையைக் கிழித்து முதல் பக்கத்தைப் பார்த்தாள். ஓரத்தில் சிவப்பு மையில், முத்து முத்தான கையெழுத்தில் மூன்று குறிப்புகள். ஒன்று: பக்க எண் வலது கீழ் மூலையில் வர வேண்டும், நடுவில் கூடாது. இரண்டு: எளிய சுருக்கம் இருநூற்றைம்பது சொற்களுக்கு மிகாமல் இருக்க வேண்டும், தங்களுடையது இருநூற்று ஐம்பத்து மூன்று. மூன்று: எளிய சுருக்கம் எளிமையாக இல்லை.

"எண்ணியிருக்காங்க! உக்காந்து ஒவ்வொரு சொல்லா எண்ணியிருக்காங்க!" என்று அவள் மேசைமேல் கிடந்த ரப்பர் கையிடம் முறையிட்டாள். அறையில் வேறு யாரும் இல்லை.

கதவில் 'மருத்துவக் கருவி ஆய்வுக்கூடம்' என்று பலகை தொங்கினாலும், பழைய செய்தித்தாள்களை அடுக்கி வைக்க நூலகத்துக்காரர்கள் பயன்படுத்திய அறை அது. கல்லூரி நிர்வாகம் பெரிய மனது பண்ணி அவளுக்குக் கொடுத்திருந்தது. ஒரு நீள மேசை, இரண்டு கணினி, பெட்டி பெட்டியாக ஒயர்கள், நடுவில் அந்த ரப்பர் கை. கைக்குள் மெல்லிய குழாய் ஓடும். குழாய்க்குள் ஒரு சின்ன மோட்டார் சிவப்புச் சாயத் தண்ணீரைத் தள்ளிக்கொண்டிருக்கும். மூன்று வருடமாக அவள் வாழ்க்கையும் அந்தக் குழாயைச் சுற்றித்தான் ஓடிக்கொண்டிருந்தது.

எல்லாம் அக்காவால் வந்த வினை. அக்கா, அதாவது பெரியவள், ஊரின் பெரிய மருத்துவமனையில் டயாலிசிஸ் பிரிவு நர்ஸ். சிறுநீரகம் கைவிட்டவர்களுக்கு வாரம் மூன்று முறை ரத்தத்தை இயந்திரத்தில் ஓடவிட்டுச் சுத்தம் செய்து கொடுப்பது அவள் வேலை. அதற்காக நோயாளியின் கையில் தமனி ஒன்றையும் சிரை ஒன்றையும் சேர்த்துத் தைத்து வைத்திருப்பார்கள். அந்த இணைப்பில் ரத்தம் பாயும்போது தோலுக்கு அடியில் பூனை உறுமுகிற மாதிரி ஓர் அதிர்வு இருக்கும். அடைப்பு வர ஆரம்பித்தால் உறுமல் கொஞ்சம் கொஞ்சமாகக் கீச்சுக்குரலாக மாறும். கவனிக்காமல் விட்டால் ஒருநாள் சத்தமே நின்றுவிடும். அப்புறம் அறுவை அறை, கழுத்தில் குழாய், ஏகப்பட்ட பாடு.

ஒருநாள் சாயங்காலம் துவைத்த துணிகளை மடித்துக்கொண்டே அக்கா இதைச் சொல்லிப் புலம்பினாள். "நான் வாரத்துல மூணு நாள் காதை வச்சுக் கேக்குறேன். மீதி நாலு நாள் யாருடி கேப்பா? நீதான் பெரிய இன்ஜினியராச்சே, ஒரு காது செஞ்சு கொடேன்."

சின்னவள் செய்தாள். சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு வில்லை. கையில் ஒட்டினால் ஒரு நிமிடம் கேட்கும். சத்தம் சரியாக இருந்தால் சும்மா இருக்கும். மாறியிருந்தால் வாயைத் திறந்து சொல்லும். ரப்பர் கையில் அருமையாக வேலை செய்தது. மனிதக் கைகளில் முறைப்படி சோதிக்கப் பணம் வேண்டும். புதுமையான மருத்துவத் தொழில்நுட்பங்களுக்கு அரசு மானியம் தருகிறது என்ற அறிவிப்பைப் பார்த்துவிட்டுத்தான் அவள் விண்ணப்பம் போட ஆரம்பித்தாள். அன்றைக்குப் பிடித்த சனி.

திரும்பி வந்த கட்டோடு அன்று அக்கா வீட்டுக்குப் போனாள். அக்கா மூக்குக்கண்ணாடியைத் தேடிப் பிடித்து மாட்டிக்கொண்டு படிவத்தைப் புரட்டினாள்.

"இது என்னடி? 'இத்தொழில்நுட்பம் இதுவரை எவராலும் செய்யப்படாததாக இருத்தல் வேண்டும்.' சரி. அடுத்த வரி, 'இது வெற்றிகரமாகச் செயல்பட்டதற்கான முன்சான்றுகளை இணைக்கவும்.' பொறக்காத புள்ளைக்கு மார்க் ஷீட் கேக்குறாங்களா?"

"அதுக்கு ஒன்பது பக்கம் பதில் எழுதியிருக்கேன். அதுல தப்பு சொல்லல. சுருக்கம்தான் எளிமையா இல்லையாம்."

அக்கா சுருக்கத்தைச் சத்தமாகப் படித்தாள். "'தோல்வழி ஒலியலை நிறமாலைப் பகுப்பாய்வின் வாயிலாகக் குருதிநாள இணைப்பின் குறுக்கத்தை முன்னுணரும் அணியத்தக்க...' மூச்சு வாங்குதுடி. யாரைத் திட்டுற?"

"அறிவியல் அப்படித்தான் இருக்கும்."

"இரு." அக்கா படிவத்தின் பின்பக்கத்தைத் திருப்பி வைத்து, மளிகைப் பட்டியல் எழுதுகிற பென்சிலால் எழுத ஆரம்பித்தாள். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. 'எங்கள் வார்டுக்கு வருகிறவர்களின் கையில் ஒரு பூனை இருக்கிறது. அது உறுமிக்கொண்டிருக்கும்வரை அவர்கள் பிழைத்திருப்பார்கள். அது கீச்சிட ஆரம்பித்தால் உடனே பார்க்க வேண்டும். நாங்கள் பக்கத்தில் இருக்கும்போது காது வைத்துக் கேட்கிறோம். அவர்கள் வீட்டில் இருக்கும்போது கேட்பதற்கு ஆள் இல்லை. இந்தக் கருவி அந்த ஆள்.' இப்படியே ஓடியது.

சின்னவள் எண்ணிப் பார்த்தாள். நூற்றுப் பன்னிரண்டு சொல். "பூனைன்னு எழுதி அரசாங்கத்துக்கு அனுப்பினா கட்டைத் தூக்கி மூஞ்சியில எறிவாங்க."

"இப்ப மட்டும் என்ன, மாலை போட்டா வரவேத்தாங்க?"

பூனை அப்படியே விண்ணப்பத்துக்குள் போயிற்று. கூடவே சின்னவள் இன்னொரு காரியமும் செய்தாள். இணை ஆய்வாளர் என்ற இடத்தில் அக்காவின் பெயரை எழுதினாள்.

இந்த முறை தபாலை நம்பாமல் கட்டை நேரிலேயே எடுத்துப் போனாள். மானிய அலுவலகம் ஐந்தாவது மாடி. லிப்ட் நான்கு வரைதான் போகும். கடைசி மாடியை மூச்சிரைக்க ஏறிப் போனால், கோப்பு மலைகளுக்கு நடுவில் ஒரு பெண்மணி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயது இருக்கும். வெளியே கொளுத்துகிற வெயிலிலும் மணிக்கட்டுவரை முழுக்கைச் சட்டை. அலுவலகத்தில் எல்லோரும் அவரைச் சிவப்புப் பேனா அம்மா என்றுதான் சொல்வார்கள். வாசலில் காவல்காரரே அப்படித்தான் வழி சொன்னார். மானியக் குழுவுக்குச் செயலர் அவர். அவர் கையைத் தாண்டாமல் எந்தக் கோப்பும் குழுவுக்குப் போகாது.

அம்மா பக்க எண்களைப் பார்த்தார். வலது கீழ் மூலை. தலையசைத்தார். இணை ஆய்வாளர் கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றது.

"முனைவர் பட்டம் இருக்கணும், இல்ல டாக்டரா இருக்கணும். நர்ஸுன்னு எழுத இந்தக் கட்டத்துல இடமில்ல."

"மேடம், யோசனையே அவங்களோடதுதான்."

"யோசனைக்கு நான் கட்டம் போடல. படிவத்துக்குத்தான் போட்டேன்."

பேனா அடுத்த பக்கத்துக்கு நகர்ந்தது. சுருக்கத்தைப் படித்தார். மறுபடி முதலிலிருந்து படித்தார். பூனை மாட்டிக்கொண்டது என்று சின்னவள் நினைத்தாள்.

"இதை யார் எழுதினது?"

"அக்காதான் மேடம். மாத்தித் தரட்டுமா?"

அம்மா இணை ஆய்வாளர் கட்டத்தில் இருந்த பெயரை ஒரே கோடாக அடித்தார். படிவத்தின் கடைசிப் பக்கத்தைப் புரட்டி, யாரும் எப்போதும் நிரப்பாத ஒரு வரியில், 'வல்லுநர் ஆலோசகர்' என்பதற்கு எதிரே, அதே பெயரைத் தன் முத்துக் கையெழுத்தில் எழுதினார். "இதுக்குப் பட்டம் கேக்கல. அடுத்த மாசம் செயல்விளக்கம். ரெண்டு பேரும் வாங்க."

செயல்விளக்கத்துக்கு ஒரு உண்மையான கை வேண்டும். அக்காவின் நோயாளிகளில் ஒரு தையல்காரர் நான் வருகிறேன் என்று தானாக முன்வந்தார். மருத்துவமனையில் முறைப்படி அனுமதி வாங்கி, தாள்களில் அவர் கையெழுத்தும் போட்டுவிட்டார். புதுச் சட்டை தைத்து வைத்திருப்பதாகவும் சொன்னார். வெண்ணெய் திரண்டு வந்தது. செயல்விளக்கத்தன்று காலை ஒன்பதரைக்குத் தாழி உடைந்தது: தையல்காரரின் மகளுக்கு இரண்டு வாரம் கழித்து வர வேண்டிய பிரசவ வலி முந்திக்கொண்டு வந்துவிட்டது. அவர் போனில் மன்னிப்புக் கேட்ட வேகத்தில் எந்த மருத்துவமனை என்பதைக்கூடச் சொல்லவில்லை.

"ரப்பர் கை இருக்குல்ல, சமாளிப்போம்" என்றாள் அக்கா. ஊரிலேயே முக்கியமான வேலைக்குப் போகிறவள் மாதிரி வெளுத்த சீருடையில் வந்திருந்தாள்.

கூட்ட அறையில் குழுத் தலைவர் உட்கார்ந்திருந்தார், வெள்ளைத் தலையும் கனத்த குரலுமாக ஓய்வுபெற்ற பேராசிரியர். பக்கத்தில் உறுப்பினர் ஒருவர். மருந்துக் கம்பெனி நடத்தியவர், எதைப் பார்த்தாலும் என்ன விலைக்குப் போகும் என்று கேட்பவர். மேசைக் கோடியில் சிவப்புப் பேனா அம்மா, கூட்டக் குறிப்பு எழுத.

சின்னவள் ரப்பர் கையை மேசையில் வைத்து மோட்டாரைத் தட்டிவிட்டாள். மூன்று வருடம் சொட்டுக்கூடச் சிந்தாத குழாய் அது. அரசாங்கத்தைக் கண்டதும் அதற்கும் நடுக்கம் எடுத்திருக்க வேண்டும். புஸ்ஸென்று ஒரு சத்தம். சிவப்புத் தண்ணீர் வளைந்து எழும்பித் தலைவரின் கோப்பில் விழுந்தது. அங்கிருந்து தெறித்து உறுப்பினரின் வெள்ளைச் சட்டையிலும் கொஞ்சம்.

"ரத்தமா?" என்று உறுப்பினர் நாற்காலியோடு பின்னால் போனார்.

"சாயம் சார், சாயம்! துவைச்சாப் போயிடும்!" என்றாள் சின்னவள். போகாது என்று அவளுக்குத் தெரியும்.

தலைவர் நல்ல மனிதர். கைக்குட்டையால் கோப்பைத் துடைத்துவிட்டு, "பரவாயில்லம்மா. என் கையில ஒட்டுங்க, பாப்போம்" என்று சட்டையைச் சுருட்டினார்.

"சார், உங்க கையில அந்த..." என்று சின்னவள் ஆரம்பிப்பதற்குள் அவரே வில்லையை எடுத்து ஒட்டிக்கொண்டுவிட்டார். ஒரு நிமிடம் அது கேட்டது. பிறகு வில்லை தெளிவாக, இரக்கமே இல்லாமல் சொன்னது: "ஓட்டம் இல்லை. உடனே மருத்துவமனைக்குச் செல்லவும்."

தலைவரின் முகம் அவர் தலைமுடி நிறத்துக்கு வந்தது.

"ஓட்டம் இல்லை. உடனே மருத்துவமனைக்குச் செல்லவும்."

"ஐயா, பயப்படாதீங்க!" அக்கா பாய்ந்து போய் வில்லையைப் பிய்த்தாள். "உங்களுக்கு அந்த இணைப்பே கிடையாது. இல்லாத சத்தத்தைத் தேடிட்டு இல்லைன்னு சொல்லுது. கருவி சரியாத்தான் இருக்கு."

"நானும் சரியாத்தான் இருக்கேனா?" என்றார் தலைவர் மெல்ல.

"கல்லு மாதிரி இருக்கீங்க. தண்ணி குடிங்க."

உறுப்பினர் சட்டையைத் தேய்த்துக்கொண்டே, "நல்லா இருக்கிறவனைச் செத்துட்டான்னு சொல்ற மெஷினை யாரு வாங்குவா?" என்றார். சின்னவள் தரையைப் பார்த்தாள். மூன்று வருடம், நான்கு திருத்தம், ஒரு பூனை. எல்லாம் அந்தச் சாயத் தண்ணீரோடு கம்பளத்தில் ஊறிக்கொண்டிருந்தது.

அப்போது மேசைக் கோடியில் பேனா மூடுகிற சத்தம் கேட்டது.

"ஒரு நிமிஷம்" என்றார் சிவப்புப் பேனா அம்மா. ஒரு வெள்ளைத் தாளை எடுத்தார். 'என் சொந்த விருப்பத்தின் பேரில், முழுச் சம்மதத்துடன்' என்று ஆரம்பித்து நான்கு வரி எழுதி, தேதியும் மணியும் போட்டு, கையெழுத்திட்டுத் தலைவர்முன் வைத்தார். பிறகு இடது கைச் சட்டையின் பொத்தானைக் கழற்றி, முழங்கைவரை நிதானமாக மடித்துவிட்டார். கையின் உட்புறத்தில் கயிறு புடைத்ததுபோல் ஒரு நரம்பு. அதன்மேல் ஊசி போட்டுப் போட்டுக் காய்த்த தழும்புகள்.

பதினோரு வருடமாக அவரோடு வேலை பார்க்கிற தலைவருக்கே இது தெரியாது.

"மேடம், எத்தனை வருஷமா?" என்று அக்கா மட்டும் கேட்டாள், டீ குடித்தீர்களா என்று கேட்கிற சாதாரணக் குரலில்.

"ஆறு. ஒட்டுங்க."

சின்னவள் ஒட்டினாள். வில்லை கேட்டது. அதோடு இணைத்துக் கொண்டுவந்திருந்த மடிக்கணினியில் அந்தச் சத்தம் அறை முழுக்க எழுந்தது. உண்மையான கையின் உறுமலை அவள் நேரில் கேட்பது அதுதான் முதல் தடவை. சோதனைப் பதிவுகளில் கேட்டதைவிடப் பெரிதாக, உயிரோடு இருந்தது. ஆனால் அடியில் ஏதோ ஒன்று மெல்லியதாகக் கீறியது.

"ஒலி மாறியிருக்கிறது. மருத்துவரைப் பார்க்கவும்" என்றது வில்லை.

"மறுபடியுமா!" என்றார் உறுப்பினர்.

"எனக்கு ஒண்ணுமில்ல. போன மாசம்தான் ஸ்கேன் பண்ணாங்க" என்றார் அம்மா.

அக்கா பையிலிருந்து ஸ்டெதாஸ்கோப்பை எடுத்து அந்தக் கைமேல் வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். இடத்தை மாற்றி மாற்றி வைத்தாள். அவள் முகத்தை வைத்துச் சின்னவளுக்குப் புரிந்துவிட்டது.

"மேடம், மேல் பக்கம் கீச்சுனு கேக்குது. இன்னிக்கே போய்ப் பாத்துடுங்க."

"நாலு மணிக்கு மேல போறேன். மினிட்ஸ் முடிக்கணும்."

"மினிட்ஸை யாரு வேணா எழுதலாம். இந்தக் கை உங்ககிட்ட மட்டும்தான் இருக்கு." அக்காவின் குரல் வார்டுக் குரலாக மாறியது. அந்தக் குரலுக்கு எதிர்ப்பேச்சு பேசிய நோயாளி இதுவரை பிறக்கவில்லை. "கிளம்புங்க. நானும் வர்றேன்."

சிவப்புப் பேனா அம்மா கிளம்பினார். போகும்போது பேனாவைத் தலைவரிடம் நீட்டி, "மார்ஜின் விட்டு எழுதுங்க" என்றார்.

ஸ்கேனில் குறுக்கம் தெரிந்தது. ஆரம்ப நிலை. மறுநாள் காலையில் பலூன் வைத்து விரித்துவிட்டார்கள். மத்தியானமே வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். இன்னும் இரண்டு வாரம் போயிருந்தால் கை கைவிட்டிருக்கும் என்று அங்கிருந்த மருத்துவர் சொன்னதாக அக்கா சொன்னாள்.

சின்னவள் சந்தோஷத்தில் துள்ளினாள். இனி என்ன, மானியம் கையில் விழுந்த மாதிரிதான். பத்து நாள் கழித்து ஒரு கடிதம் வந்தது. பிரித்தாள். சிவப்பு மை.

'தங்கள் கருவியால் நான் நேரடியாகப் பயனடைந்துள்ளேன். எனவே விதிப்படி, தங்கள் கோப்பை இனி நான் தொடவோ, பார்க்கவோ, அதுபற்றிப் பேசவோ கூடாது. கோப்பு இரண்டாம் பிரிவுக்கு மாற்றப்பட்டது.'

"நல்லது பண்ணப் போய் நமக்கே ஆப்பு" என்று போனில் கத்தினாள் சின்னவள். இரண்டாம் பிரிவு எழுத்தரைப் பற்றி ஊருக்கே தெரியும். தங்கமான மனுஷன். எதையும் திருப்பி அனுப்பியதில்லை. எதையும் மேலே அனுப்பியதும் இல்லை. அவர் மேசைக்குப் போன கோப்பு கிணற்றில் போட்ட கல்.

"அந்தம்மா நேர்மையானவங்கடி. அதுக்கு என்ன பண்ண முடியும்?" என்றாள் அக்கா.

"நேர்மையைக் கொஞ்சம் அடுத்த மாசம் வச்சுக்கக் கூடாதா?"

ஆனால் அவர்கள் இருவருக்கும் தெரியாத ஒன்று சிவப்புப் பேனா அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. மானிய அறிவிப்பின் பதினேழாம் விதி: கருவியால் பயன்பெறக்கூடிய பொதுமக்களில் எவரும் குழுவுக்கு எழுத்துமூலம் கருத்துத் தெரிவிக்கலாம், வந்த கருத்தை அடுத்த கூட்டத்தில் கோப்போடு சேர்த்துப் படித்தே ஆக வேண்டும். அந்த விதியைத் தட்டச்சு செய்தவரே அவர்தான். அன்றுமுதல் இன்றுவரை ஒருவரும் அதைப் பயன்படுத்தியதில்லை. அவர் ஒருநாள் விடுப்பு எடுத்தார். அலுவலகத் தாளைத் தொடாமல் கடையில் தாள் வாங்கினார். நீல மையில் எழுதினார். வரிசையில் நின்று தபாலில் சேர்த்தார்.

அடுத்த கூட்டத்தில் தலைவர் அதைச் சத்தமாகப் படித்தாராம். கூட்டம் முடிந்ததும் அவரே சின்னவளைப் போனில் அழைத்துச் சொன்னார். நடுவிலிருந்து சில வரிகளை மட்டும் அப்படியே படித்துக் காட்டினார்.

'நான் யாரென்பதைக் குழு மறந்துவிட வேண்டுகிறேன். ஆறு வருடமாகத் தூங்கப் போகுமுன் இடது கையைக் காதருகே வைத்துக் கேட்கிறேன். எனக்குக் கேட்கத் தெரியாது. இருக்கிறதா, இல்லையா என்பது மட்டும்தான் தெரியும். நான் தனியாக இருப்பவள். அன்று அந்த அறையில் என் கையை இன்னொருவர் கேட்டார். என்னைப்போல் தனியாகக் கேட்டுக்கொண்டிருப்பவர்கள் எத்தனை பேர் என்று குழு எண்ணிப் பார்க்க வேண்டும்.'

"மொத்தம் இருநூத்தி ஐம்பது சொல்லு" என்றார் தலைவர். "எண்ணிட்டேன். ஒண்ணு கூடவுமில்ல, குறையவுமில்ல. கோப்பு எங்கன்னு கேட்டேன். ரெண்டாம் பிரிவுல, டிபன் டப்பாவுக்கு அடியில இருந்துச்சு."

"முடிவு சார்?"

"கேட்டதுல பாதிக்குக் கொஞ்சம் மேல. ஒரு வருஷத்துக்கு. சட்டையில கறை பட்டவரும் கையெழுத்துப் போட்டுட்டாரு. ஒரு நிபந்தனை இருக்கு."

"சொல்லுங்க சார்."

"ஒட்டின உடனே, 'உங்க கையில இணைப்பு இருக்கா?'ன்னு அது முதல்ல கேக்கணும். எல்லாருக்கும் என் மாதிரி நெஞ்சு கெட்டியா இருக்காது."

சின்னவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு சரி என்றாள்.

அச்சடித்த ஆணை கைக்கு வந்தபோது மணி பதினொன்று. அக்காவுக்கு மூன்று முறை போன் அடித்தாள், எடுக்கவில்லை. பஸ் பிடித்து நேரே மருத்துவமனைக்குப் போனாள். டயாலிசிஸ் வார்டின் கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தாள். எட்டு நாற்காலி, எட்டு இயந்திரம். அக்கா ஒரு கிழவரின் கையிலிருந்து ஊசியை உருவிக்கொண்டிருந்தாள். சின்னவள் கடிதத்தை உயர்த்திக் காட்டினாள். அக்கா பார்த்தாள், புருவத்தால் பெஞ்சைக் காட்டினாள்: உட்கார்.

இருபது நிமிடம் உட்கார்ந்தாள். அக்கா அவசரப்படவே இல்லை. பஞ்சை வைத்து அழுத்தி, ரத்தம் நின்றதா என்று பார்த்து, கட்டுப் போட்டு, கிழவரின் மனைவியிடம் ஏதோ சொல்லிச் சிரித்துவிட்டு, கையுறையைக் கழற்றி, முழங்கைவரை கழுவிக்கொண்டு வெளியே வந்தாள். கையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"பிடிச்சுக் காட்டு. என் கை ஈரம்."

சின்னவள் கடிதத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அக்கா இரண்டு பக்கத்தையும் வரி விடாமல் படித்தாள். கீழே வல்லுநர் ஆலோசகர் என்று தன் பெயர் இருந்த இடத்தில் கொஞ்சம் அதிக நேரம் நின்றாள்.

"சரி. எப்ப ஆரம்பிக்கிற?"

"நாளைக்கு."

"நாளைக்கு எனக்கு லீவு. வார்டுல நான் இருக்கணும், நாளன்னைக்கு வை."

சொல்லிவிட்டு, ஈரக் கையை இரண்டு பக்கமும் அகட்டி வைத்துக்கொண்டு, முழங்கைகளால் தங்கையை இழுத்து அணைத்துக்கொண்டாள். உள்ளே ஏதோ ஓர் இயந்திரம் மணியடிக்க ஆரம்பித்தது. "வர்றேன், வர்றேன்" என்று அதற்குப் பதில் சொல்லிக்கொண்டே அக்கா திரும்பிப் போனாள்.